நூலக நெறி கண்ட அரங்கநாதனார்

சோழவள நாட்டில் காவிரியின் வளம் பெற்ற பழம்பதிகளுள் சீர்காழியும் ஒன்று. திருஞானசம்பந்தர் தோன்றிய பெருமையும், முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் வாழ்ந்து இசைத்தமிழ் வளர்த்த பெருமையும் உடையது அவ்வூர். அங்கு 1892ஆம் ஆண்டில் இராமாமிர்தம் என்பார்க்கும் சீதாலட்சுமி அம்மையார்க்கும் மகனாகத் தோன்றியவர் அரங்கநாதனார். ஆறு வயது நிரம்பும் பருவத்தே தந்தையை இழந்தார். தாயின் அரவணைப்பில் வளர்ந்து, சீர்காழியிலேயே பள்ளிக் கல்வியை முடித்துக்கொண்டு, மேற்கல்வியின் பொருட்டுச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியை அடைந்தார்.

அக்கல்லூரியில் எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். மாணவர் ஆசிரியர் என்னும் நிலையைக் கடந்து தந்தையும் மகனும் போன்ற அன்பு அவ்விருவரிடையே நிலவிற்று. 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்ற அரங்கநாதனார், பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயமுத்தூரிலும் அரசினர் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார். அவருக்கு இளமை தொட்டே திக்குவாய் உண்டு. பேச்சே தொழிலாகிய ஆசிரியர்க்கு இஃது எத்துணைப் பெரிய இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் அதனைக் கண்டு அஞ்சினாரல்லர். இடைவிடாத முயற்சியால் சிறிது சிறிதாக அக்குறையை வென்றார். சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது மாணவர் விரும்பும் ஆசிரியராகவே விளங்கினார். ஆசிரியராகவே வாழ்ந்து ஆசிரியராகவே ஓய்வு பெறுவது அவர்தம் விருப்பம்.

அவ்விருப்பம் நிறைவேறவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு ஒரு நூலகரை அமர்த்த எண்ணி 1923இல் விளம்பரம் செய்தது. ஆசிரியர் ஊதியம் அக்காலத்தில் குறைவு; நூலகர் ஊதியமோ மிகுதி. நண்பர்கள் தூண்டவே அரங்கநாதனாரும் விண்ணப்பித்தார். விண்ணப்பித்தோர் பலருள் நூலகப் பயிற்சி பெற்றார் ஒருவரேனும் இலர். அரங்கநாதனார் கணித வரலாறு பற்றிச் சில கட்டுரைகள் எழுதியிருந்தமையால் ஆராய்ச்சியறிவு உடையார் எனத் தேர்ந்தெடுக்கப்பெற்று, 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பதவி ஏற்றார்.

ஏற்ற சில நாட்களிலேயே அப்பதவி அவருக்குக் கசந்தது. வகுப்பு நிறைந்த மாணவரிடையே நின்று பழகியவர் அவர். இங்கோ அடுக்கி வைத்த நூல்களும் ஆளரவமற்ற அறைகளுமே இருந்தன. ஒருவாரம் கழிவதற்குள் மாநிலக் கல்லூரித் தலைவரை நாடிச் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக்குமாறு வேண்டினார். தலைவர் அறிவுடையவர். உடனே மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. நூலகப் பயிற்சிக்காக அவரை இங்கிலாந்துக்கு அனுப்பப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்திருத்தலை நினைவூட்டி, அங்குச் சென்று கற்று வந்த பின்னும் இத்தொழில் பிடிக்கவில்லையெனில் பழைய இடத்தைத் தருவதாக உறுதி கூறினார். அரங்கநாதனார் அவ்வுறுதியை நம்பியே கப்பலேறினார் எனலாம்.

இலண்டன் பல்கலைக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்குப் பெர்விக் சேயர்ஸ் என்பவர் நூற்பகுப்பைக் கற்பித்துவந்தார். அவரே குராய்டன் நகர நூலகத்தின் தலைவருமாவார். அவர் துணையால் அரங்கநாதனார் அந்நாட்டு நூலகங்கள் பலவற்றைச் சென்று கண்டார். தொழிலாளரும் குழந்தைகளும் மகளிரும் தத்தமக்கு வேண்டிய நூல்களைத் தாமே எடுத்துப் படிக்கும் காட்சி அவர் உள்ளத்தை மாற்றியது. நூலகம் என்பது நூல்களைக் காக்கும் பண்டசாலையன்று என்பதும், அதுவும் ஒரு பெரிய வகுப்பறையே என்பதும் அவருக்கு அங்கே புலனாயின.

ஆனால் ஒரு குறையும் அவர் கண்ணிற் பட்டது. நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குதற்கு அமெரிக்கராகிய மெல்வில் டூயி என்பார் 1876இல் வெளியிட்ட பதின்மப் பகுப்புமுறையே பெரும்பாலும் வழங்கிற்று. அம்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓர் எண் குறித்து வைக்கப்பெற்றிருக்கும். புதிய நூல் வந்தால் அதன் பொருளுக்குரிய எண்ணைப் பட்டியலில் தேடி எடுத்து இடவேண்டும். பொருள் ஒன்றாயின் இடர் இல்லை. இரண்டு மூன்று பொருள் கலந்த நூல் வரின் என் செய்வது? பட்டியல் வகுத்தோர் நினைந்தும் பாராத புதுப்பொருள் வரின் என் செய்வது? ஏதேனும் ஓர் எண்ணுக்குள் அதனைத் திணிக்க வேண்டியதுதான். அங்ஙனம் திணிக்கப்பட்ட நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததே; அதனை நாடி வருவார் கண்ணில் அது படாது.

இவ்வினா நெஞ்சை அலைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் அவர் இலண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்னும் பெரிய அங்காடிக்குச் சென்றார். அங்கே மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் தகடுகள், சக்கரங்கள், தண்டுகள், திருகாணிகள் என்பன சிலவே இருந்தன. அவற்றையே ஒருமுறை ஒருவகையாகப் பூட்டினால் ஒரு பொம்மை ஆயிற்று. கழற்றி மறுமுறை வேறுவகையாகப் பூட்டினால் வேறொரு பொம்மை ஆயிற்று. பொம்மைகள் பல, உறுப்புகளோ சில. அரங்கநாதனார் உள்ளத்தில் ஒளி பிறந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் முழு எண்ணை ஆக்கி வைப்பானேன்? பொருள்களின் கூறுகளுக்கு மட்டும் குறியீடு வகுத்துக்கொண்டால், வரும் நூலுக்கேற்ப அவற்றைப் பூட்டிக்கொள்ளலாமன்றோ? பூட்டுதற்குரிய திருகாணியாக முக்காற்புள்ளியை அவர் கொண்டார். ஆங்கிலத்தில் அப்புள்ளிக்குக் கோலன் என்பது பெயர். ஆதலின் அவர் கண்ட முறை கோலன் பகுப்புமுறை எனப் பெயர் பெற்றது. எட்டு ஆண்டுகள் நடைமுறையில் ஆய்ந்து திருத்திய பின்னரே 1933இல் அதனை நூலாக வெளியிட்டார்.

எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளாக ஆராயலாம் என்பது அவர் பிற்காலத்தில் அறுதியிட்ட கொள்கை. தலைமைப் பொருள், அது ஆக்கப்பெற்ற மூலப்பொருள், அதன்கண் நிகழும் செயல், இடம், காலம் என்பன அவை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 11ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் வெண்கலச் சிலைகளை வார்த்த முறையைப் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். கலை என்னும் துறையைச் சார்ந்தது அந்நூல். சிலை என்பது தலைமைப் பொருள், வெண்கலம் மூலப்பொருள், வார்த்தல் செயல், தஞ்சை இடம், 11ஆம் நூற்றாண்டு காலம். எல்லா நூலிலும் இவ்வைந்தும் இரா. இருக்கின்றவற்றைப் பிரித்து அறிந்து முறைப்படி கோத்தலே பகுப்போன் கடமை. தமிழிலக்கணம் பயில்வோர்க்கு இது முற்றிலும் புதுமையாகத் தோன்றாது. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படுத்தும் மரபு நம் மொழியில் உண்டு. அதிலிருந்து இது வந்தது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் பொருள்களைக் கூறுபடுத்தி நோக்கும் அறிவு ஓரிடத்திற்கே உரியதன்று என்பதற்கு இவ்வொப்புமை சான்றாகும்.

1925ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் தாயகம் திரும்பினார். திரும்பும் வழியிலேயே கப்பலில் இருந்த சிறு நூலகத்தின் நூல்களைத் தம் புதுமுறைப்படி பகுத்துப் பார்த்தார் என்பர். கணித வகுப்பிற்கு மீளும் எண்ணம் இப்போது அவரிடம் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தையே தம் வாழ்விடமாக்கிக்கொண்டார். வாசகர் அடுக்குகளுக்கிடையே தாமே சென்று நூல்களை எடுத்துப் பார்க்குமாறு வழி திறந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வாசகர்க்கு உதவுதற்கென்றே பணியாளரை அமர்த்தினார். விடுமுறையின்றி நாள்தோறும் நெடுநேரம் உழைத்தார். முதல் மனைவியார் மறைந்த பின்னர்ச் சாரதை அம்மையாரை மணந்துகொண்ட நாளிலும், சடங்கு முடிந்த பிற்பகலிலேயே நூலகத்திற்கு வந்துவிட்டார் என்றால், அவர்தம் ஈடுபாட்டை வேறு என்னென்பது! இல்லத்தார் அதனை எங்ஙனம் பொறுத்தனர் என்று வியக்கத் தோன்றுகிறது.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்கு அவரே முதற் காரணராய் இருந்தார். அவ்வாண்டிலேயே நூலகத்திற்குரிய ஐந்து விதிகள் அவர் உள்ளத்தில் உருப்பெற்றன. 1931இல் அவை நூலாயின. நூல்கள் பயன்படுத்துதற்கே உரியன. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்த்தல் வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளரும் உயிர் போன்றது. இவையே அவற்றின் கருத்து. பார்வைக்கு எளியனவாகத் தோன்றும் இவ்விதிகளை ஒரு நூலகம் முழுதும் கடைப்பிடிப்பது எளிதன்று. குறிப்பாக நான்காம் விதியின் பொருட்டே அவர் மிகுதியாக உழைத்தார்.

வாசகரின் காலம் எங்கே வீணாகிறது என்பதை அவர் கூர்ந்து நோக்கினார். வருகின்ற வாசகர் தமக்கு வேண்டிய பொருளைச் சரியாகக் கேட்பதில்லை. வெண்கல வார்ப்பைப் பற்றி அறிய விரும்புவோர் சிற்ப நூல் இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்பார்; இன்னொருவர் கலை நூல்கள் எங்கே என்பார். நூற்பட்டியலோ அவர் கேட்ட சொல்லுக்கு மட்டுமே விடை தரும். இதற்கு அவர் கண்ட வழி சங்கிலி முறை எனப்படும். நூலின் பகுப்பெண்ணில் உள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு குறிப்பைப் பொருளகராதியில் சேர்த்தல் வேண்டும். முன்கூறிய நூலுக்கு வார்ப்பு என்னும் சொல்லின்கீழ் ஒரு குறிப்பும், வெண்கலம் என்பதன்கீழ் ஒன்றும், சிற்பம் என்பதன்கீழ் ஒன்றும், கலை என்பதன்கீழ் ஒன்றும் இருக்கும். வாசகர் எந்தச் சொல்லோடு வந்தாலும் ஒரு கண்ணியைப் பற்றிக்கொண்டு அடுத்த கண்ணிக்கு ஏறவோ இறங்கவோ கூடும். 1950இல் வெளிவரத் தொடங்கிய பிரித்தானிய நாட்டு நூற்றொகை இம்முறையைத் தன் பொருளகராதிக்கு ஏற்றுக்கொண்டது.

பெயர்களாலும் தேடுவோர் இடர்ப்படுவர். மேனாட்டார் பெயரில் இறுதியில் நிற்பது குடும்பப் பெயர். நம்மவர் பெயரில் இறுதியில் நிற்பது பெரும்பாலும் இயற்பெயர். முன்னிற்கும் எழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிக்கும். அரங்கநாதனார் பெயரிலேயே முதலெழுத்து சீர்காழியையும் அடுத்த எழுத்து தந்தையையும் குறிக்கின்றன. ஊரைத் தலைப்பாக வைத்துவிட்டால் நூலாசிரியர் காணாமற் போவார். 1934இல் அவர் வெளியிட்ட நூற்பட்டியல் விதிநூல், ஆசிரியர் பெயர்களைப் பட்டியலில் இடவேண்டிய முறையை வரையறுத்துக் கூறுகிறது.

கல்லூரி மாணவர் இக்காலத்தில் அட்டைப் பெட்டிகளை இழுத்துப் பார்ப்பதில்லை; கணினியில் நூலகத் தரவுத்தளங்களைத் திறந்து கட்டுரைகளையும் நூல்களையும் தேடுகின்றனர். கருவி மாறியதே தவிர இடர் மாறவில்லை. திருப்பூர்ப் பகுதியில் சாயக்கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாற்றை ஒரு மாணவர் ஆராய்வதாகக் கொள்வோம். முழு வாக்கியத்தை அப்படியே இட்டால் ஒன்றிரண்டு கட்டுரைகளே வரும். ஒன்றும் வாராது போதலும் உண்டு. நீர் என்னும் ஒரு சொல்லை இட்டாலோ படித்து மாளாத பட்டியல் வந்து குவியும். இரண்டும் பயனில்லை. ஆகவே அரங்கநாதனார் நூலைப் பகுத்தது போல அம்மாணவர் தம் வினாவைப் பகுத்துக்கொள்ளல் வேண்டும். சாயக்கழிவு ஒரு கூறு, நிலத்தடி நீர் ஒரு கூறு, திருப்பூர் இடம். சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2011இல் ஆதலின், அதற்கு முன்னைய நிலையா பின்னைய நிலையா என்பதைக் காலக்கூறு தெளிவுபடுத்தும்.

பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் வழங்கும் வேறு பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீரைக் கிணற்றுநீர் என்று ஒருவர் எழுதியிருப்பார். திருப்பூரைச் சொல்லாமல் நொய்யல் ஆற்றையோ ஒரத்துப்பாளையம் அணையையோ மட்டும் ஒருவர் சொல்லியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதுவோர் அவ்வூர்ப் பெயரில் பகர ஒலிக்குரிய எழுத்தை ஒருமுறை இடுவதும் உண்டு, இருமுறை இடுவதும் உண்டு. கணினிக்கு அவை இரண்டும் இருவேறு ஊர்கள். ஒரு கூற்றின் பல பெயர்களை அல்லது என்னும் சொல்லாலும், வெவ்வேறு கூறுகளை உம் என்னும் பொருள்படும் சொல்லாலும் இணைத்துக் கேட்டல் முறை. முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். எண்ணும்மை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது கடினமன்று. இங்ஙனம் இணைக்கும் கணக்கியல் 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் கண்டது, அரங்கநாதனார் கண்டதன்று. ஆனால் இணைப்பதற்கு முன் பிரிக்க வேண்டுமே, அந்தப் பிரிக்கும் நெறியை வகுத்துத் தந்தவர் அவரே. தேடி வந்த பட்டியலின் ஓரத்தில் ஆண்டு, மொழி, இடம், பொருள் எனப் பிரித்துக் காட்டி, வேண்டியதைத் தொட்டுச் சுருக்கிக்கொள்ளச் செய்யும் அமைப்பும் அவர் நெறியின் வழிப்பட்டதே. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அதற்கு அத்தரவுத்தளத்தார் இட்டுள்ள பொருட்பெயர்களைக் குறித்துக்கொண்டு மீண்டும் தேடுதல் தக்கது. சங்கிலியின் ஒரு கண்ணி கைக்கு வந்தபின் எஞ்சியவற்றைப் பற்றுதல் எளிதாகும்.

கோலன் பகுப்புமுறை உலகெங்கும் பரவிற்று என்று கூற இயலாது. அதன் குறியீடுகள் நீண்டும் சிக்கலாகவும் இருக்கின்றன என்று நூலகர் பலர் தயங்கினர். அத்தயக்கத்தில் நியாயமும் உண்டு. இந்திய நூலகங்கள் சிலவே அதனை மேற்கொண்டன. முறையினும் அதன் அடிப்படைக் கருத்தே நெடுந்தொலை சென்றது. இலண்டனில் 1952இல் கூடிய நூற்பகுப்பு ஆய்வுக் குழுவினர், செய்திகளைத் தேடியெடுக்கும் வழி எதுவாயினும் கூறுபடுத்தும் பகுப்பே அதற்கு அடிப்படையாதல் வேண்டும் என்று 1955இல் அறிக்கை வெளியிட்டனர்.

சென்னையை விட்டு நீங்கிய அரங்கநாதனார் 1945இல் காசி இந்து பல்கலைக்கழகம் சென்றார். அங்குக் கிடந்த ஏறத்தாழ 1,00,000 நூல்களைப் பெரும்பாலும் தம் ஒருவர் உழைப்பாலேயே பகுத்து ஒழுங்குபடுத்தினார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். அவர் நெடுநாள் வற்புறுத்தி வந்த பொது நூலகச் சட்டம் சென்னை மாநிலத்தில் 1948இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. பின்னர்ச் சிலகாலம் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் வாழ்ந்து நூல்கள் எழுதினார்.

அவர் ஈட்டிய செல்வம் பெரிதன்று. சிக்கனமாக வாழ்ந்து சேர்த்ததே. அச்சேமிப்பிலிருந்து ரூபாய் 1,00,000-ஐ 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கி, தம் மனைவியார் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். நூலகத்தில் அமர்ந்திருக்க மாட்டேன் என்று ஒருவாரத்தில் ஓடிவந்த அதே பல்கலைக்கழகத்திற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் அளித்த கொடை அது. 1957இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1962இல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நடுவத்தைத் தோற்றுவித்தார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார்.

முதுமையிலும் அந்நடுவத்து மாணவரோடு ஆராய்ந்தும் எழுதியும் வந்த அரங்கநாதனார், 1972ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27ஆம் நாள் பெங்களூரில் இயற்கை எய்தினார். அவர் நினைவாக ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாளை இந்திய நாட்டு நூலகர்கள் நூலகர் நாளாகக் கொண்டாடி வருகின்றனர்.